முப்பத்திரண்டு பார்களும் ஒரு நன்னூல் சூத்திரமும்

தமிழில் 'பயில்' என்னும் வினைக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்றைக் கற்றல் என்பது இன்று எல்லாரும் அறிந்த பொருள். நெருங்கியிருத்தல், இடைவிடாது பழகுதல் என்பது சங்கப் பாடல்களில் தென்படும் பழைய பொருள். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில், தலைவிக்கும் தலைவனுக்கும் இடையே வளர்ந்த நட்பைச் சொல்ல இச்சொல்தான் வந்து நிற்கிறது. கற்பதும் நட்புக் கொள்வதும் ஒரே வினையில் அடங்குகிற மொழி நம்முடையது. ஒரு பியானோ உருப்படியைப் பயின்ற நான்கு மாதங்களில் இந்தச் சொல்லாராய்ச்சி எங்களுக்கு ஏட்டளவில் நிற்காமல் விரலளவுக்கு வந்து சேர்ந்தது. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

'எங்களுக்கு' என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் உள்ள எங்கள் வீட்டில் பியானோ பயில்கிறவர்கள் இருவர். தாயும் மகளும். மூத்தவருக்கு வயது 46. கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். விரல்கள் சுண்ணாம்புக் கட்டிக்கும் சிவப்பு மைப் பேனாவுக்கும் பழகியவை. இளையவளுக்கு 17, ஆறாம் வகுப்பிலிருந்து கீபோர்டு கற்றவள், பிளஸ் டூ நெருங்கிய இரண்டு ஆண்டுகளில் அதைத் தொடவே நேரமில்லாமல் போனவள். 2024 மார்ச்சில் தேர்வு முடிந்தது. ஆகஸ்டில் அவள் வெளியூர்க் கல்லூரி விடுதிக்குப் போக வேண்டும். விடுதியில் பியானோ இல்லை. கீபோர்டு வைத்துக்கொள்ள அனுமதியும் இல்லை. ஆகவே அவள் கேட்டது ஒன்றுதான். "அம்மா, ஒரே ஒரு பீஸாவது புத்தகம் இல்லாம, கருவி இல்லாம, எனக்குள்ள இருக்கணும்." மூத்தவர் கேட்டதும் ஒன்றுதான். அதே உருப்படியை அவளுடனேயே தொடக்கத்திலிருந்து கற்க வேண்டும்.

இப்பகுதிக்குப் பியானோ ஏதோ அயலான பொருள் என்று நண்பர்கள் எண்ண வேண்டாம். திருநெல்வேலிச் சீமையின் தேவாலயங்களில் ஆர்கனும் நான்கு குரல் கீதங்களும் தலைமுறை தலைமுறையாக ஒலித்து வருகின்றன. தமிழிசை ஆராய்ச்சியின் பெருநூலான 'கருணாமிர்த சாகரம்' எழுதிய ஆபிரகாம் பண்டிதர் 1859இல் பிறந்த சாம்பவர் வடகரை, இன்றைய தென்காசி மாவட்டத்து ஊர்தான். தஞ்சாவூரில் வாழ்ந்து, மேலையிசையையும் கற்று, 1917இல் அந்நூலை வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு பரோடாவில் கூடிய இசை மாநாட்டில் தம் சுருதிக் கொள்கையை அவர் விளக்கியபோது, வீணையில் வாசித்துக் காட்டியவர்கள் அவர் குடும்பத்துப் பெண்கள். ஏட்டில் இருந்த கணக்கைச் சபை ஏற்க வேண்டுமானால் அது ஒருவர் விரலில் இறங்கியாக வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். அந்த விரல்களுக்குப் பின்னே எத்தனை நாள் சாதகம் இருந்திருக்கும் என்பதை எந்த மாநாட்டு அறிக்கையும் எழுதி வைப்பதில்லை.

நாங்கள் எடுத்துக்கொண்டது மிகச் சிறிய உருப்படி. ஜி மேஜரில் அமைந்த ஒரு மினுவெட். பியானோ கற்கத் தொடங்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் கடந்து போகும் பாட்டு அது. செபாஸ்டியன் பாக் தம் மனைவி அன்னா மக்தலேனாவுக்காக 1725இல் தொடங்கிய ஏட்டில் இருந்ததால் நெடுங்காலம் அவர் பெயரிலேயே வழங்கியது. உண்மையில் அது டிரெஸ்டன் நகரத்து ஆர்கன் கலைஞர் கிறிஸ்டியன் பெட்சோல்டு இயற்றியது என்று பின்னாளில் ஆய்வாளர் நிறுவினர். தனிப்பாடல்கள் பலவற்றை ஔவையின் தலையிலும் கம்பரின் தலையிலும் ஏற்றிப் பழகிய நமக்கு இது புதிதன்று. மூன்று எண்ணிக்கை கொண்ட தாள அளவு; இசைக்குறிப்பில் நெடுங்கோடு போட்டுப் பிரித்திருக்கும் அந்த ஒவ்வோர் அளவையும் 'பார்' என்பார்கள். மொத்தம் 32 பார்கள். வேகமாக வாசித்தால் இரண்டு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும்.

எங்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் தேவாலயத்தில் பல்லாண்டு வாசித்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் அவர் செய்த காரியம் எங்களை வியப்பில் ஆழ்த்தியது. பியானோவை மூடி, அதன்மேல் இசைக்குறிப்புத் தாளை விரித்து, எங்கள் கையில் பென்சிலைக் கொடுத்தார். "இதுல எத்தனை பார் புதுசு, எத்தனை பார் பழசுன்னு எண்ணுங்க" என்றார். எண்ணினோம். முதல் 16 பார்களில், வலக்கையைப் பொறுத்தவரை, 9 முதல் 14 வரையிலானவை 1 முதல் 6 வரையிலானவற்றின் மறுபதிப்பு. ஆக, பதினாறில் புதிதாகக் கற்க வேண்டியவை பத்துத்தான். பதினேழாம் பாரில் பாட்டு உயரே தாவி, வேறொரு சுருதிக்குப் போய்த் தங்கி, கடைசி எட்டுப் பார்களில் பிறந்த வீட்டுக்குத் திரும்புகிறது. ஒரு கட்டையைக்கூடத் தொடாமல் இவ்வளவும் தெரிந்துவிட்டன.

தமிழ் வகுப்பில் நாம் செய்வதும் இதுதான் அன்றோ? ஒரு பழம்பாடலை முதலில் சந்தி பிரிக்கிறோம். பிறகு பதவுரை, அதன் பிறகே பொழிப்புரை. எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று தெரியாமல் ஒரு செய்யுளை நூறு முறை ஓதினாலும் அது மனத்தில் ஒட்டுவதில்லை. ஒட்டினாலும் இடையில் ஒரு சொல் நழுவினால் முழுதும் நழுவுகிறது. 1930களில் கார்ல் லைமர் என்னும் ஜெர்மானிய ஆசிரியரும் அவருடைய புகழ்பெற்ற மாணவர் வால்டர் கீஸ்கிங்கும் சேர்ந்து வெளியிட்ட நூலின் அடிப்படையும் இதுவே. கருவியிடம் போவதற்கு முன் தாளைப் படித்து, மனத்தில் கேட்டு, அமைப்பை அறிந்துகொள் என்றார்கள். ரயிலில் அமர்ந்து தாளைப் படித்தே ஓர் உருப்படியை கீஸ்கிங் மனத்தில் இருத்திக்கொள்வார் என்று சொல்வார்கள். அத்தனை பெரிய ஆற்றல் எல்லார்க்கும் வாய்க்காது. ஆனால் 32 பார்களுக்கு அந்த வழி எல்லார்க்கும் திறந்திருக்கிறது.

அடுத்தது விரல் எண். பியானோவில் பெருவிரல் 1, சுண்டுவிரல் 5. ஒவ்வொரு சுரத்துக்கும் எந்த விரல் என்பதை முதல் வாரத்திலேயே முடிவு செய்து பென்சிலால் எழுதிவிட வேண்டும். பிறகு மாற்றக் கூடாது. நினைவில் தங்குவது சுரம் மட்டுமன்று. சுரத்தைத் தொட்ட விரலின் அசைவும் சேர்ந்தே தங்குகிறது. இன்று நடுவிரல், நாளை மோதிரவிரல் என்றால் விரலுக்கு அது இரண்டு வேறு பாட்டுகள். பிரெஞ்சு இசையறிஞர் கூப்பெரின் 1716இல் எழுதிய கற்பித்தல் நூலில் ஒரு சுவையான செய்தி உண்டு. குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டுப் போகும்போது கருவியைப் பூட்டிச் சாவியைத் தம்மோடு எடுத்துப் போய்விடுவாராம். முக்கால் மணி நேரம் பாடுபட்டு அமைத்ததை அவர்கள் ஒரு நொடியில் கலைத்துவிடுவார்கள் என்ற அச்சம். கடுமையான மனிதர்தான். என்றாலும் கை எதைப் பழகினாலும் அதையே பிடித்துக்கொள்ளும், நல்லது கெட்டது பார்க்காது என்ற உண்மையை அவர் நன்கு அறிந்திருந்தார்.

இரு கைகளையும் தனித்தனியே பழக வேண்டும் என்பது பலரும் அறிந்த முறை. அதில் எங்கள் ஆசிரியர் சேர்த்த நுட்பம், இடக்கையை முதலில் பழக வேண்டும் என்பது. வலக்கையில் இருப்பது பாட்டு. அதைக் காது தானே நினைவில் வைத்துக்கொள்ளும். இடக்கையில் இருப்பது தாங்கும் குரல். அதை யாரும் முணுமுணுப்பதில்லை. எது எளிதில் மறக்குமோ அதற்கு முதல் நேரத்தைக் கொடுக்க வேண்டும். வில்லுப்பாட்டில் குடம் தட்டுகிறவரை யாரும் பார்ப்பதில்லை. அவர் ஒரு தட்டுத் தவறினால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். இடக்கையின் நிலையும் அதுவே.

இனித் துண்டுகள். 32 பார்களை இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டோம். பெரும்பாலான வீடுகளில் பயிற்சி எப்படி நடக்கிறது என்பதை நண்பர்கள் கேட்டிருப்பீர்கள். முதல் சுரத்தில் தொடங்கி, தடுக்கும் இடம் வரை போய், மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். இதனால் முதல் நான்கு பார்கள் நூறு முறையும் கடைசி நான்கு பார்கள் பத்து முறையும் வாசிக்கப்படுகின்றன. பாட்டு போகப் போகக் கைக்கு அந்நியமாகிறது. இதற்கு மாற்று, கடைசித் துண்டிலிருந்து தொடங்குவது. முதல் நாள் 31, 32. மறுநாள் 29, 30. பிறகு அவற்றைச் சேர்த்து 29 முதல் 32 வரை. இப்படிப் பின்னோக்கி வளர்த்துக்கொண்டு போனால், வாசிக்கும்போது எப்போதும் தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்தை நோக்கியே நடக்கிறோம். வீடு நெருங்க நெருங்கக் கால் விரைவது போல விரலும் விரைகிறது.

துண்டாக்குவதில் ஓர் இடர் உண்டு. துண்டுகள் நன்றாக வரும், இணைப்பில் முறியும். எங்கள் உருப்படியில் 16ஆம் பாரின் முடிவும் 17ஆம் பாரின் தொடக்கமும் அப்படிப்பட்ட இடம். வலக்கை கீழே ஒரு சுரத்தில் அமைதியாக முடித்துவிட்டு, மூச்சு விடுவதற்குள் பத்துச் சுரம் மேலே தாவ வேண்டும். இங்கேதான் தமிழ்ப் படிப்பு எங்களுக்கு உதவியது. அந்தாதி என்ற அமைப்பை நம் புலவர்கள் அழகுக்காக மட்டுமா செய்தார்கள்? ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டின் முதற்சொல்லாகும்போது, ஓதுபவர் நூறு பாட்டையும் சங்கிலியாக இழுத்துக்கொண்டு வர முடிகிறது. ஏடு எல்லார் கையிலும் இல்லாத காலத்தில் நினைவுக்காகச் செய்த கட்டுமானம் அது. அதே முறையில், ஒவ்வொரு துண்டையும் அதன் முடிவில் நிறுத்தாமல், அடுத்த துண்டின் முதற்சுரத்தைத் தொட்டே நிறுத்தினோம். பதினாறை வாசித்தால் பதினேழின் முதற்சுரத்தில் விரல் வைத்துத்தான் ஓய்வு. 'அந்தாதி போட்டாச்சா?' என்பது அந்தக் கோடையில் எங்கள் வீட்டுப் பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது.

வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் கருநாடக இசையின் தொடக்கப் பாடங்களான சரளி வரிசையும் சண்ட வரிசையும் புரந்தரதாசர் வகுத்தவை என்பது மரபு. அவற்றை மூன்று காலத்தில் பாடச் சொல்வார்கள். முதற்காலத்தில் பிசிறின்றி நிற்காதது மூன்றாங்காலத்தில் நிற்காது என்பதைப் பாட்டு வாத்தியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த எந்தப் பிள்ளையும் அறியும். பியானோவில் இரட்டிப்பதற்குப் பதிலாகப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 50 தட்டு வைத்துத் தொடங்கினோம். தொடர்ந்து மூன்று முறை பிழையின்றி வந்தால் மட்டும் நான்கு தட்டுக் கூட்டுவது. ஒரு முறை தடுக்கினால் நான்கு குறைப்பது. இது விளையாட்டுப் போலவும் இருந்தது. தவம் போலவும் இருந்தது.

2009இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே நினைவுகூரத் தக்கது. தேர்ந்த பியானோ மாணவர் 17 பேருக்கு, ஷோஸ்டகோவிச்சின் பியானோ கான்செர்ட்டோவில் ஒரு சிறு பகுதியைக் கொடுத்து, விருப்பம்போல் பயின்றுகொள்ளச் சொன்னார்கள். மறுநாள் வாசிக்கச் சொல்லித் தரம் பிரித்தார்கள். எவ்வளவு நேரம் பயின்றார் என்பதற்கும் எத்தனை முறை வாசித்தார் என்பதற்கும் மறுநாள் வாசிப்பின் தரத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. பயிற்சியில் எத்தனை பங்கு பிழையின்றி வாசித்தார் என்பதற்கே தொடர்பு இருந்தது. முதலிடங்களைப் பெற்றவர்களும் பிழை செய்யத்தான் செய்தார்கள். ஆனால் பிழை எந்த இடத்தில், எதனால் வந்தது என்று உடனே கண்டு, அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து, சரியானதை நிலைநிறுத்திய பின்பே நகர்ந்தார்கள். பழகப் பழகக் கைவரும் என்று சொல்லி வந்திருக்கிறோம். எதைப் பழகுகிறோமோ அதுதான் கைவரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் போலும்.

எவ்வளவு நேரம் என்ற கேள்வி எழும். சிலப்பதிகாரத்து மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டில் அரங்கேறினாள். எங்களிடம் இருந்தது நான்கு மாதம், நாளொன்றுக்கு அரைமணி. அந்த அரைமணியை ஒரே மூச்சாக வைத்துக்கொள்ளாமல் காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம், உறங்கப் போகுமுன் பத்து நிமிடம் என்று பிரித்தோம். இடைவெளி விட்டுக் கற்பது நெடுநாள் தங்கும் என்பது 1885இல் எபிங்ஹவுஸ் நினைவைப் பற்றித் தம்மீதே சோதனை நடத்தி வெளியிட்ட காலம் தொட்டு அறியப்பட்டது. உறக்கத்துக்கும் இதில் பங்குண்டு. விரல்களால் ஒரு வரிசையைத் தட்டப் பழகியவர்கள், ஓர் இரவு உறங்கி எழுந்ததும், மேலும் பயிற்சி இல்லாமலேயே ஏறத்தாழ 20 விழுக்காடு விரைவாகத் தட்டியதை 2002இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இரவு முரண்டு பிடித்த பார் காலையில் இணங்கி வருவதை எங்கள் வீட்டிலும் கண்டோம். உலையை இறக்கிய பின்னும் சோறு தானே புழுங்குவது போல, கை ஓய்ந்த பின்னும் பாடம் உள்ளே நடந்துகொண்டிருக்கிறது.

ஜூன் பிறந்ததும் குற்றாலத்தில் சாரல் தொடங்கியது. மேற்கு மலையிலிருந்து இறங்கும் காற்றுக்குக் குத்துக்கல்வலசையின் மின்கம்பிகள் ஈடுகொடுப்பதில்லை. எங்களிடம் இருப்பது மின்சாரத்தில் இயங்கும் டிஜிட்டல் பியானோ. மின்சாரம் போனால் 88 கட்டைகளும் ஊமை. அப்படிப்பட்ட ஒரு மாலையில் இளையவள் எழுந்து போகாமல், ஒலியில்லாத கட்டைகளின்மேலேயே வாசிக்கத் தொடங்கினாள். பதினொன்றாம் பாரில் நின்றாள். கேட்கும்போது தெரியாத ஓட்டை, கேட்காதபோது தெரிந்தது. அதுவரை காது விரலுக்குக் கைகொடுத்து வந்திருக்கிறது; காதை எடுத்துவிட்டால் எது உண்மையில் மனத்தில் இருக்கிறது, எது இல்லை என்பது வெளியாகிவிடுகிறது. அன்றிலிருந்து காற்று எங்களுக்குத் தேர்வாளராக அமைந்தது. மின்சாரம் இருக்கும் நாளிலும் ஒலியை அடைத்துவிட்டு ஒருமுறை வாசிப்பது வழக்கமாயிற்று.

அதற்கடுத்த படி, கட்டையையும் விட்டுவிடுவது. தவிலும் மிருதங்கமும் பயில்கிறவர்கள் சொற்கட்டை முதலில் வாயால் சொல்லித் தாளம் போடுவார்கள். வாயில் நிற்காததைக் கையில் தேட மாட்டார்கள். அதுபோல, கண்ணை மூடி, கையை மடியில் வைத்து, முதற்சுரத்திலிருந்து இறுதிச் சுரம் வரை ஒவ்வொரு விரலும் எங்கே விழுகிறது என்று மனத்தில் ஓட்டிப் பார்ப்பது. மூத்தவர் இதைக் கல்லூரிப் பேருந்திலேயே செய்தார். பக்கத்து இருக்கைக்காரர்கள் ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று நினைத்திருக்கலாம். 1995இல் பாஸ்குவல் லியோனேயும் அவருடைய குழுவினரும், பியானோ அறியாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றைக் கொடுத்து ஐந்து நாள் ஆராய்ந்தார்கள். நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஒரு சாரார் வாசித்தார்கள். மற்றொரு சாரார் கருவியின் முன் அமர்ந்து மனத்தில் மட்டும் வாசித்தார்கள். விரல்களை ஆளும் மூளைப் பகுதியில் இரு சாராருக்கும் ஒத்த மாற்றங்கள் காணப்பட்டன. மனத்தில் மட்டும் வாசித்தவர்கள் ஐந்தாம் நாளில் எட்டிய தரம், கையால் வாசித்தவர்கள் மூன்றாம் நாளில் எட்டிய தரத்துக்கு ஈடாக இருந்தது. முழுவதும் ஈடில்லை, ஆனால் கருவியே இல்லாத இடத்துக்குப் போகிற ஒருத்திக்கு இந்தச் செய்தி எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு சொல்லியும் முதன்மையானதை இன்னும் சொல்லவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தில், பாடம் கேட்கும் முறை பற்றிய சூத்திரங்கள் உள்ளன. ஆண்டுதோறும் மாணவர்க்கு நடத்தும் பகுதிதான். ஆசிரியர் சொன்னதை ஒருவன் முற்றக் கேட்டாலும் அவனுக்குக் கிட்டுவது புலமையில் காற்பங்கே. உடன் பயில்வாரோடு கலந்து பழகுவதால் இன்னொரு கால். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால்தான் நிரம்புகிறது. கல்லூரியில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் வினாவாகக் குறித்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அது கணக்காகவே நடந்தது.

வாரம் ஒரு மணி நேரம் வரும் ஆசிரியர் கொடுத்தது முதற்கால். இருவரும் ஒரே பாட்டைப் பயின்றதால் ஒருவர் தடையை மற்றவர் கண்டது இரண்டாங்கால். பிறகு ஆசிரியர் ஒரு விதி வைத்தார்: மூத்தவருக்கு இனி அவர் சொல்லித்தர மாட்டார், இளையவள்தான் சொல்லித்தர வேண்டும். நாற்பதைக் கடந்தவர்களுக்கு அமைப்பு விரைவில் புரிகிறது. விரல்தான் அசைய மறுக்கிறது. "ஏன் இந்த இடத்துல நாலாவது விரல்?" என்று மூத்தவர் கேட்டபோது இளையவளால் உடனே விடை சொல்ல முடியவில்லை. ஆண்டுக்கணக்கில் விரல் அறிந்ததை வாய் அறிந்திருக்கவில்லை. இரண்டு நாள் யோசித்து, அடுத்த பாரில் பெருவிரல் எங்கே காலியாக இருக்க வேண்டும் என்பதைக் கொண்டு விளக்கினாள். அந்த இடம் அதன்பின் அவளிடமிருந்து நழுவவே இல்லை. வினாவுதலும் விடுத்தலும் கற்றலின் உறுப்புகள் என்று பவணந்தியார் சேர்த்துச் சொன்னதற்குப் பொருள் இருக்கிறது.

எடுத்துரைப்பதில் வாசித்துக் காட்டுவதும் அடங்கும். தனியறையில் பழுதின்றி வருவது, ஒரே ஒருவர் எதிரே அமர்ந்தாலும் தடுமாறும். ஆகவே கேட்பவர்களைத் தேடினோம். முதலில் வீட்டுக்காரர், பிறகு தெருவில் விளையாடும் பிள்ளைகள், பிறகு அடுத்த வீட்டு ஆச்சி. எண்பதை நெருங்கிய ஆச்சிக்கு மேலையிசை எது, கீழையிசை எது என்ற கவலை இல்லை. சுவருக்கு அப்பாலிருந்து நான்கு மாதமாகக் கேட்டு வந்தவர். ஒரு நாள் வாசல்படியில் உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏ தாயி, நேத்து முட்டுன எடத்துல இன்னைக்கு முட்டலையே. ஆனா முடிக்கப் போறப்ப ஓடுதே, ஏன் ஓடுதே?" மெட்ரோனோம் சொல்லாததை ஆச்சி சொன்னார். தெரிந்த வீடு நெருங்கியதும் கால் விரைகிறது என்று பெருமையாக எண்ணிய அதே இடந்தான். கடைசி எட்டுப் பார்களை மறுபடி 50 தட்டில் வைத்து ஒரு வாரம் நடக்கப் பழகினோம்.

ஆகஸ்டு வந்தது. இளையவள் புறப்படுவதற்கு முந்தின இரவு இருவரும் அந்த மினுவெட்டைப் பங்கிட்டு வாசித்தோம். இடக்கை மூத்தவருடையது, வலக்கை இளையவளுடையது. சாரல் ஓடுகளின்மேல் பெய்துகொண்டிருந்தது. அதற்கு மேல் அந்த இரவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பெட்டியில் என்னென்ன வைக்க வேண்டும் என்ற பேச்சே மிகுதி.

விடுதிக்குப் போன மூன்றாம் மாதம் அவள் தொலைபேசியில் சொன்ன செய்தி மட்டும் எழுதத் தக்கது. உறங்கப் போகுமுன் போர்வைக்குள் விரலை ஓட்டிப் பார்க்கிறாளாம். 16லிருந்து 17க்குத் தாவும் இடம் இருக்கிறது. 20ஆம் பாரின் இடக்கை ஒருமுறை மறந்தது; மூத்தவரைக் கேட்காமல், முன்னும் பின்னும் யோசித்துத் தானே வருவித்துக்கொண்டாளாம். பொங்கல் விடுமுறைக்கு வந்தவள் பையைக்கூட இறக்காமல் பியானோவின்முன் அமர்ந்தாள். விரல் கனத்திருந்தது, வேகம் இல்லை. ஆனால் முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம் வரை புத்தகம் திறக்கப்படவில்லை.

மனப்பாடம் என்ற சொல்லுக்கு இன்று நல்ல பெயர் இல்லை. பொருள் அறியாமல் ஒப்பிக்கும் பழக்கத்தால் அந்தப் பெயர் கெட்டது. ஆனால் பொருளறிந்து, பிரித்து, கோத்து, இடைவெளி விட்டு, பிறர்க்கு எடுத்துரைத்து நெஞ்சில் ஏற்றிக்கொண்டது கட்டுச்சோறு போன்றது. கடை இல்லாத ஊரிலும் பசியாற்றும். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியை இப்பகுதியில் எழுத்தறியாத பெரியவர்களும் பாடக் கேட்டிருக்கிறோம். அவர்கள் கையில் எந்த நூலும் இருந்ததில்லை.

இப்போது மாலைகளில் பக்கத்துத் தெருச் சிறுவன் ஒருவன் வருகிறான். வயது ஒன்பது. 88 கட்டைகளைக் கண்டதும் அவனுக்குக் கை துறுதுறுக்கிறது. மூத்தவர் பியானோவை மூடி, மேலே தாளை விரித்து, அவனிடம் பென்சிலைக் கொடுக்கிறார். எத்தனை பார் புதிது என்று அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான். நன்னூலார் சொன்ன எஞ்சிய அரைப்பங்கு எங்கள் இருவருக்கும் இன்னும் நிரம்பவில்லை.